கல்வியும் கலவியும்: ‘படிப்பாளி’ என்னும் வார்ப்புப் படிமமும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

1. முன்னுரை

ஆங்கிலத்தில் ‘நெர்ட்’ என வழங்கும் சொல்லுக்குத் தமிழில் ஈடான சொல் யாது என்னும் வினா மேலோட்டமாக நோக்குவார்க்கு எளிதாகத் தோன்றும். படிப்பாளி, புத்தகப்புழு ஆகிய சொற்கள் உடனே நினைவுக்கு வருகின்றன. ஆயின் திரைப்படத்திலோ தொலைக்காட்சித் தொடரிலோ அச்சொல் வரும் இடங்களைத் தொகுத்து நோக்கின், மிகுதியாகப் படிப்பவன் என்னும் பொருளோடு மற்றொரு பொருளும் அதனுள் மறைந்து நிற்பது புலனாகும். அவன் பெண்களிடம் பேசத் தெரியாதவன், பாலுறவு அனுபவம் அற்றவன் என்பதே அப்பொருள். நகைச்சுவை பெரும்பாலும் இந்த இரண்டாம் பொருளை நம்பியே கட்டப்படுகிறது. ‘படிப்பாளி’ என்னும் சொல்லில் அப்பொருள் இல்லை. எனவே அச்சொல்லை இட்டு மொழிபெயர்த்தால் செய்தி நிற்கும்; நகை போய்விடும்.

கற்றவனைப் பாலறிவு அற்றவனாகக் காட்டும் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது, தமிழில் அதற்கு இணையான மரபு உண்டா, இக்காலத் தமிழ்ச் சொற்கள் அதனை எவ்வாறு ஏற்றுள்ளன, மொழிபெயர்ப்பாளர் எதைக் கவனிக்க வேண்டும் என்பனவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். பெருநகரக் கல்லூரி வளாகத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளாமல், நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கட்சால் போன்ற இடத்துத் தமிழ் பேசுவோரையும் கருத்திற் கொண்டு இவ்வினாக்கள் அணுகப்படுகின்றன.

‘ஸ்டீரியோடைப்’ என்பது அச்சுத் தொழிலிலிருந்து வந்த சொல். எழுத்துகளைக் கோத்து, அவற்றை ஒரே தகடாக வார்த்து, அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப அச்சிடும் முறையை அது குறித்தது. 1922இல் வால்டர் லிப்மன் தமது ‘பப்ளிக் ஒப்பீனியன்’ என்னும் நூலில் மனத்துள் முன்கூட்டியே அமைந்துவிட்ட உருவங்களைக் குறிக்க அதனை ஆண்டார். அம்மூலப் பொருளைப் பேணும் வகையில் ‘வார்ப்புப் படிமம்’ என்னும் தொடர் இங்குக் கையாளப்படுகிறது.

2. சொல்லின் வரலாறும் படிமத்தின் கூறுகளும்

‘நெர்ட்’ என்னும் வடிவம் அச்சில் முதலில் காணப்படுவது 1950இல் வெளிவந்த டாக்டர் சூசின் சிறுவர் நூல் ஒன்றில். அங்கு அது ஒரு கற்பனை விலங்கின் பெயர். அடுத்த ஆண்டே, 1951இல், டெட்ராய்ட் இளைஞர் வழக்கில் அச்சொல் சுவையற்றவன், காலத்திற்கு ஒவ்வாதவன் என்னும் பொருளில் வழங்குவதை ‘நியூஸ்வீக்’ இதழ் குறித்தது. இவ்விரண்டிற்கும் தொடர்பு உண்டா என்பது முடிவாகாத செய்தி. கவனிக்கத்தக்கது யாதெனில், தொடக்கத்தில் அச்சொல்லில் கல்வி என்னும் கூறு இல்லை என்பதே. 1974இல் தொடங்கிய ‘ஹேப்பி டேஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் அதனைப் பரப்பியது. 1984இல் ‘ரிவெஞ்ச் ஆஃப் தி நெர்ட்ஸ்’ என்னும் திரைப்படம் வந்தபோது, தடித்த கண்ணாடி, கணிப்பொறி, பெண்களால் ஒதுக்கப்படுதல் ஆகிய மூன்றும் ஒரே உருவில் வார்க்கப்பட்டுவிட்டன.

இதனோடு இணைத்துப் பேசப்படும் ‘கீக்’ என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. மூடன் என்னும் பொருளுடைய செருமானியக் கிளைமொழிச் சொல்லோடு அது தொடர்புடையது. அமெரிக்கச் சந்தைக் காட்சிகளில் கோழியின் தலையைக் கடித்துக் காட்டிய கூத்தாடியை அது குறித்தது. பின்னரே கணிப்பொறியில் மூழ்கியவனைக் குறிக்கலாயிற்று. சப்பானிய மொழியின் ‘ஒத்தாக்கு’ இன்னும் நுட்பமானது. பிறர் இல்லத்தை மதிப்புடன் சுட்டும் சொல்லாகிய அது, மதிப்பு முன்னிலையாகவும் வழங்குவது. ஒருவரோடொருவர் நெருங்கிப் பழகத் தெரியாமல் அந்த முன்னிலையையே பயன்படுத்திய படக்கதை ஆர்வலர்களைக் கேலி செய்து, 1983இல் நக்கமோரி அக்கியோ அதனை ஒரு கூட்டத்தின் பெயராக்கினார். உறவாடத் தெரியாமை அங்கு முன்னிலைப் பெயரிலேயே பதிந்துள்ளது.

இவ்வரலாறுகளிலிருந்து படிமத்தின் கூறுகளைப் பின்வருமாறு பகுக்கலாம்: (அ) நூலிலோ கருவியிலோ அளவிறந்த ஈடுபாடு, (ஆ) பேச்சிலும் பழக்கத்திலும் தடுமாற்றம், (இ) கண்ணாடி, உடை முதலிய புறத்தோற்றக் குறிகள், (ஈ) பாலுறவு அனுபவமின்மை, (உ) இனம் அல்லது சமூகம் சார்ந்த அடையாளம். ஐந்தாம் கூறு பலர் கண்ணில் படாதது. அமெரிக்கத் தொடராகிய ‘தி பிக் பேங் தியரி’யில் (2007–2019) வரும் ராஜ் கூத்திரப்பாலி இதற்குச் சான்று. இந்தியாவிலிருந்து சென்ற வானியற்பியல் அறிஞனாகிய அவன், மது அருந்தினாலன்றிப் பெண்கள் முன் வாய் திறக்க இயலாதவன். இக்குறை ஆறாம் பருவத்தின் இறுதிவரை, அதாவது 2013 வரை, நீடிக்கிறது. நால்வர் குழுவில் முற்றிலும் பேச்சிழந்தவனாக இந்தியன் வைக்கப்பட்டது தற்செயல் அன்று. ஆசிய ஆடவரைக் காதலுக்கு உரியவரல்லர் எனக் காட்டும் ஆலிவுட் வழக்கம் அப்படிமத்தோடு கலந்துள்ளது.

3. தமிழ் மரபில் கற்றோனும் காதலும்

கல்வி காதலுக்குப் பகை என்னும் கருத்து பழந்தமிழ் மரபில் உண்டா? தொல்காப்பியப் பொருளதிகாரம் பிரிவு வகைகளைக் கூறுமிடத்து ஓதல், பகை, தூது ஆகியவற்றை எடுத்தோதுகிறது. கல்வியின் பொருட்டுப் பிரிபவன் காதலி உடையவன். அவன் பிரிவுக்கு மூன்றாண்டு என்னும் வரம்பும் கற்பியலில் கூறப்படுகிறது. ஆகவே அகமரபில் கல்வி காதலுக்கு இடைவெளி தருவதேயன்றிக் காதலின்மைக்குக் காரணம் அன்று. காதலை அறியாமையால் ஒருவன் நூலை நாடுகிறான் என்னும் எண்ணத்திற்கு அங்கு இடமே இல்லை.

காப்பிய மரபும் இவ்வாறே. சீவகசிந்தாமணியின் தலைவன் அச்சணந்தியிடம் கலைகள் அனைத்தும் கற்றவன். எண்மரை மணப்பவனும் அவனே. அதனாலேயே அந்நூலுக்கு மணநூல் என்னும் பெயர் வந்தது. காந்தருவதத்தையை அவன் பெறுவது யாழ்ப்போட்டியில் வென்றே. கம்பன் மகன் எனப்படும் அம்பிகாபதியைப் பற்றிய கதையிலும் புலமையும் காதலும் பிரியாதவை. அக்கதை 1937இலும் 1957இலும் திரைப்படமாயிற்று. அதில் தலைவனுக்கு வைக்கப்படும் சோதனை, காதற்சுவை கலவாமல் நூறு பாடல் பாடுதல். கற்றவனுக்குக் காதல் தெரியாது என்பது அங்குச் சிக்கலன்று. காதலைத் தவிர்த்துப் பாட அவனால் இயலுமா என்பதே சிக்கல்.

எனினும் மற்றொரு மரபும் இந்திய நிலத்தில் உண்டு. கம்பர் கலைக்கோட்டு முனிவர் எனக் குறிக்கும் இருசியசிருங்கர் பெண்ணையே கண்டறியாது வனத்தில் வளர்ந்தவர். தம்மை அழைத்துச் செல்ல வந்த கணிகையரையும் முனிவர் என்றே கருதியவர். (‘கலை’ என்பதற்குக் கல்வி என்னும் பொருளும் ஆண்மான் என்னும் பொருளும் உண்டு, முனிவர் பெயரில் அமைந்தது பின்னது.) ஆதிசங்கரரைப் பற்றிய கதை இன்னும் பொருத்தமானது. மண்டனமிசிரரோடு நிகழ்ந்த வாதத்தில் அவர் மனைவி உபயபாரதி காமநூலிலிருந்து வினாத் தொடுக்க, துறவியாகிய சங்கரர் காலம் கேட்டுப் பெற்று, இறந்த அமருகன் என்னும் அரசன் உடலில் புகுந்து அறிந்து வந்தார் என மாதவீய சங்கரவிசயம் கூறுகிறது.

இவ்விரு கதைகளிலும் கற்றவனின் பாலறியாமை வெளிப்படையாகப் பேசப்படுகிறது. ஆனால் மதிப்பீடு வேறு. முனிவரது அறியாமையே மழையைக் கொணரும் ஆற்றலுக்கு ஊற்று. சங்கரருக்கு அது அறிவில் ஏற்பட்ட ஓர் இடைவெளி. ஆண்மையில் ஏற்பட்ட குறையன்று. அமெரிக்கப் படிமத்தில் அனுபவமின்மை ஒருவனுக்கு நேர்ந்த தோல்வி. இந்திய மரபில் அது ஒருவன் மேற்கொண்ட நோன்பு. தோல்விக்கும் நோன்புக்கும் இடையிலான இவ்வேறுபாடே மொழிபெயர்ப்பில் எழும் இடர்ப்பாடுகளுக்கெல்லாம் வேராகும்.

சொல் வரலாறும் இதனை வலியுறுத்தும். ‘பிரமசாரி’ முதலில் வேதம் ஓதும் மாணாக்கனின் நிலை; இன்று தமிழில் மணமாகாத ஆடவன். ‘மாணி’ என்பதும் மாணாக்கன், பிரமசாரி ஆகிய இரு பொருளும் தந்து வழங்கியது. ஆங்கிலத்தில் ‘பேச்சிலர்’ என்னும் சொல் இளம் வீரனைக் குறித்து, பல்கலைக்கழகத்தின் முதற் பட்டத்தையும் மணமாகாதவனையும் குறிப்பதாக விரிந்தது. ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு கல்லூரிகளின் ஆய்வுறுப்பினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பொதுவாக மணம் செய்துகொள்ளக்கூடாது என்னும் விதிக்கு உட்பட்டிருந்தனர். கற்கும் பருவத்திற்கும் மணமின்மைக்கும் உள்ள தொடர்பு இரு பண்பாடுகளிலும் நிறுவனமாகவே நிலைபெற்றிருந்தது. நிறுவனம் மறைந்த பின்னரும் சொல்லில் அதன் தடம் எஞ்சியுள்ளது.

4. இக்காலத் தமிழ்ச் சொற்கள்

இன்றைய பேச்சுத் தமிழில் இப்படிமத்தை அணுகும் சொற்கள் சிலவற்றை மேற்கூறிய ஐந்து கூறுகளைக் கொண்டு ஆராயலாம்.

படிப்பாளி: முதற் கூறு மட்டுமே உடையது. பெரும்பாலும் புகழ்ச்சி. ‘பிள்ளை நல்ல படிப்பாளி’ என்பது மணப்பேச்சில் ஆடவனுக்குக் கூடுதல் மதிப்புத் தரும் தொடர்.

படிப்ஸ்: ‘படிப்பு’ என்னும் தமிழ்ச் சொல்லோடு ஆங்கிலப் பன்மை விகுதியின் ஒலி சேர்ந்து அமைந்த மாணவர் வழக்கு. இங்கு அவ்விகுதி பன்மை உணர்த்தவில்லை. விளையாட்டாக ஆளைச் சுட்டும் பெயராக்கம் செய்கிறது. முதற் கூறோடு இரண்டாம் கூறும் சிறிது கலந்தது. ஆண், பெண் இருபாலார்க்கும் பொது.

சோடாபுட்டி: மூன்றாம் கூறாகிய கண்ணாடியை மட்டும் சுட்டும் ஆகுபெயர்.

பழம்: ஞானப்பழம், சிவப்பழம் முதலிய தொடர்களில் முதிர்ச்சியையும் நிறைவையும் உணர்த்துவது இச்சொல். கல்லூரி வழக்கிலோ மது, புகை, பெண் நட்பு எதுவும் அறியாத அப்பாவியைக் குறித்துப் பொருள் இழிபடைந்துள்ளது. கனிந்ததன் பெயர் கனியாதவனுக்கு ஆகி வந்த இம்முரண், நோன்பு நகைப்பாக மாறியதன் சொல்வழிச் சான்று. நான்காம் கூறு தமிழில் தெளிவாகப் பதிந்துள்ள சொல் இதுவே. ஆயின் இதில் கல்வி இன்றியமையாததன்று. படிக்காத பழமும் உண்டு.

அம்மாஞ்சி, அம்பி, தயிர்சாதம்: இம்மூன்றிலும் ஐந்தாம் கூறு மேலோங்கி நிற்கிறது. ‘அம்மாஞ்சி’ அம்மான் மகனைக் குறிக்கும் அந்தணர் கிளைமொழி முறைப்பெயர். பின்னர் உலகறியாதவன் என்னும் பொருள் பெற்றது. ‘அம்பி’ அக்கிளைமொழியில் இளையவனை விளிக்கும் சொல். ‘தயிர்சாதம்’ உணவை வைத்து ஆளின் ஊக்கமின்மையைக் குறிக்கும் கேலி. ஆங்கிலச் சொல்லின் இடத்தில் இவற்றை வைப்பவர், மூலத்தில் இல்லாத ஒரு சாதி அடையாளத்தைப் புகுத்துகிறார் என்பதை உணர வேண்டும்.

இங்கு ஒரு சொல்லின்மையையும் சுட்ட வேண்டும். பாலுறவு அனுபவமற்ற ஆடவனைக் குறிக்கத் தமிழில் தனிச்சொல் இல்லை. ‘கன்னி’ பெண்பாற் சொல். ‘கன்னிப் பையன்’ என்னும் தொடர் கேட்டவுடனே நகை விளைவிப்பதற்குக் காரணம், பெண்பாற் பெயரடை ஆண்பாற் பெயரோடு புணர்ந்ததே. கன்னிப்பேச்சு, கன்னிமுயற்சி, முதன்முறை சபரிமலை செல்லும் கன்னிச்சாமி ஆகியவற்றில் அச்சொல் ‘முதன்முறை’ என்னும் பொருள் மட்டுமே தருகிறது. ஆடவனின் கன்னிமையை அளக்கவோ பெயரிடவோ வேண்டிய தேவை தமிழ்ச் சமூகத்திற்கு எழவில்லை என்பதையும், பெண்ணின் கன்னிமைக்கு மட்டும் அத்தேவை எழுந்தது என்பதையும் இச்சொல்லின்மை காட்டுகிறது.

5. திரைப்படங்களில் படிமம்

2005இல் சங்கர் இயக்கத்தில் வெளிவந்த ‘அந்நியன்’ இப்படிமத்தைத் தமிழில் முழுமையாகக் காட்டிய படம் எனலாம். அதில் ஒரே மனிதன் மூவராகப் பிளவுபடுகிறான். விதிமுறை தவறாத வழக்கறிஞன் அம்பி, தண்டிப்பவன் அந்நியன், காதலன் ரெமோ. அம்பி தன் காதலைச் சொல்லி மறுக்கப்படுகிறான். அம்மறுப்பினின்றே, நவநாகரிக உடையும் ஆங்கிலம் கலந்த பேச்சும் உடைய ரெமோ தோன்றுகிறான். நூலறிவும் ஒழுக்கமும் ஓர் உடலில் இருக்க, காதல் புக வேண்டுமாயின் வேறோர் ஆளாக மாற வேண்டும் என்பது கதையின் அடிப்படை. மொழிநடையிலும் இப்பிளவு காணப்படுகிறது. அம்பியின் பேச்சு கிளைமொழி. ரெமோவின் பேச்சில் அக்கிளைமொழியின் சுவடு இல்லை. காதலுக்குத் தகுதி பெறும்போது சமூக அடையாளம் பேச்சிலிருந்து நீக்கப்படுவது மொழியியலார் கருதற்குரியது.

மொழிபெயர்ப்பு நோக்கில் இதனினும் பயன் தருவது ‘நண்பன்’ (2012). இது 2009இல் ராச்குமார் இரானி இயக்கிய ‘3 இடியட்ஸ்’ என்னும் இந்திப் படத்தின் தமிழ் வடிவம். இதனை இயக்கியவரும் சங்கரே. இந்தி வடிவில் மனப்பாடம் செய்தே முன்னேறும் மாணவனின் பெயர் சதுர் ராமலிங்கம். உகாண்டாவில் பிறந்து புதுச்சேரியில் படித்தவன். இந்தி அவனுக்குச் சரியாக வராது. விழா மேடையில் பேச அவன் உருப்போட்டு வைத்த உரையில் ‘சமத்கார்’ (அற்புதம்) என்பதை நீக்கி ‘பலாத்கார்’ என்பதை நண்பர்கள் சேர்த்துவிடுகின்றனர். பொருள் அறியாத அவன் அதனை அப்படியே பேச, அரங்கம் சிரிக்கிறது.

இக்காட்சியில் இரண்டு அறியாமைகள் ஒன்றாக்கப்பட்டுள்ளன. ஒன்று மொழியறியாமை, மற்றொன்று பாலறியாமை. எல்லார்க்கும் தெரிந்த ஒரு சொல் அவனுக்கு மட்டும் தெரியாது. அவன் தமிழ்ப் பெயர் தாங்கியவனாகப் படைக்கப்பட்டது இந்த இணைப்பிற்கு வசதியாயிற்று. அமெரிக்கப் படிமத்தில் ஆசிய இனம் பெற்ற இடத்தை இந்திப் படிமத்தில் தென்னாட்டுப் பெயர் பெறுகிறது. எனவே இப்படம் தமிழுக்கு வரும்போது ஐந்தாம் கூறு அப்படியே வர இயலாது. தமிழர் நடுவே தமிழ்ப் பெயர் அயன்மையை உணர்த்தாது. தமிழில் அவன் பெயர் ஸ்ரீவத்சன், பட்டப்பெயர் சைலன்சர். மொழி அயன்மை போய், வேறொரு சமூகச் சாயல் அவ்விடத்தில் வந்து அமர்ந்ததை இப்பெயரே காட்டும்.

உரையில் மாற்றப்பட்ட சொல்லுக்குத் தமிழில் ‘கற்பித்தல்’, ‘கற்பழித்தல்’ என்னும் இணை கையாளப்பட்டது. ஒலிநிலையில் இது மூலத்தைவிடவும் நெருக்கமான இணை. ‘கற்பி’ என்பது ‘கல்’ என்னும் வினையடியின் பிறவினை. ‘கற்பழி’ என்பது ‘கற்பு’ என்னும் பெயரோடு ‘அழி’ சேர்ந்தது. ‘கற்பு’ என்பதற்கும் கல்வி என்னும் பழம்பொருள் உண்டு. ஆகவே மாற்றப்பட்ட இரு சொற்களும் ஒரே வேரினின்று கிளைத்தவை. கல்வியும் கலவியும் ஓரெழுத்து வேறுபாட்டில் நிற்கும் மொழியில் இத்தகைய சிலேடை எளிதில் வாய்க்கும்.

ஆயின் வாய்த்தது நன்றா என்பது வேறு வினா. நகைப்புக்குரியவன் சொல்லறியாத மாணவன் என்று படம் கருதுகிறது. அதன் விலையாகப் பெண்மீது நிகழும் வன்முறை சிரிப்புக்குக் கருவியாகிறது. பெண்ணின் கற்பே அழிகிறது எனக் கூறிப் பழியை அவள்மேல் ஏற்றும் ‘கற்பழிப்பு’ என்னும் சொல்லைத் தவிர்த்து, ‘பாலியல் வன்கொடுமை’, ‘வன்புணர்வு’ ஆகியவற்றை இதழ்கள் பெரிதும் ஆளும் காலம் இது. புதிய வழக்கினைக் கொண்டால் சிலேடை சிதையும். பழைய வழக்கினைக் கொண்டால் அச்சொல்லின் கருத்து மீண்டும் உயிர்பெறும். ஒலியின்பத்திற்காக எதை இழக்கலாம் என்பதை மொழிபெயர்ப்பாளர் தெரிந்தே முடிவு செய்ய வேண்டிய இடம் இது.

மேலும் ஒன்று. இவ்விரு படங்களிலும் தலைவனும் தேர்வில் முதல் மாணவனே. காதலியைப் பெறுபவனும் அவனே. ஆகவே படம் பழிப்பது கல்வியை அன்று, உருப்போடுதலை. பொருள் உணர்ந்து கற்பவன் காதலன். உணராது கற்பவன் நகைப்பொருள். அகமரபின் கற்ற தலைவனும் அமெரிக்கப் படிமமும் ஒரே கதையில் இருவராகப் பிரிந்து நிற்கின்றனர் எனலாம்.

6. பெண்பால் நோக்கு

இதுவரை கண்டவை ஆடவர் பற்றியவை. பெண்ணுக்கு இப்படிமம் பொருந்தும்போது சிக்கல் முற்றிலும் வேறாகிறது. 2020 முதல் 2023 வரை நெட்பிளிக்சில் நான்கு பருவங்களாக வந்த ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ என்னும் தொடரின் தலைவி தேவி விசுவகுமார், கலிபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பள்ளி மாணவி. அவ்வேடத்தில் நடித்தவர் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன். தேவியையும் அவள் தோழியர் இருவரையும் உடன் பயிலும் மாணவன் ஒருவன் ‘ஐ.நா.’ என்னும் பொருள் தரும் இரண்டெழுத்துச் சுருக்கத்தால் அழைக்கிறான். பல இனத்தவர் சேர்ந்த நட்பாதலால் அப்பெயர் என அவள் எண்ணுகிறாள். எவரும் உறவுகொள்ள விரும்பமாட்டாத படிப்பாளிகள் என்பதன் சுருக்கம் அது எனக் கொச்சையாக விளக்குகிறான் அவன்.

இதனைத் தமிழாக்குவோர்க்கு இரண்டு தடைகள். முதலாவது சுருக்கத்தின் எழுத்துகளைக் காத்தல். ‘ஐ.நா.’ என்பதனை ‘ஐயோ, நாதியற்றவர்கள்’ என விரித்தால் எழுத்தும் நிற்கும். வேண்டுவார் இலர் என்னும் குத்தலும் நிற்கும். கொச்சை மட்டும் குறையும். இத்தடை கடக்கத்தக்கது.

இரண்டாவது தடை மதிப்பீடு சார்ந்தது. பள்ளிச் சிறுமிக்கு அனுபவமில்லை என்பது மூலத்தின் உலகில் இழிவு. தமிழ்க் குடும்பத்தின் உலகில் அது இயல்பு. இன்னும் சொன்னால் கடமை. சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்தாலும் வசை வாழ்த்தாக மாறிவிடும். அத்தொடரிலேயே தேவியின் வீட்டில் தங்கி அறிவியலில் முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்யும் உறவுப்பெண் கமலா இருக்கிறாள். அவளும் படிப்பாளி. ஆயினும் அவளைப் படிப்பாளி என எவரும் எள்ளுவதில்லை. அவள் அழகும் கல்வியும் ஒருங்கே மணப்பேச்சில் மதிப்பாகின்றன. ஒரே கூரையின்கீழ் இரு மதிப்பீட்டு முறைகள் இயங்குவதை இருவரும் காட்டுகின்றனர்.

இவ்வேறுபாட்டின் காரணம் துணையைத் தேரும் முறையில் உள்ளது. பள்ளிப் பருவத்திலேயே இளையோர் தாமே துணை தேடும் சமூகத்தில் பேச்சும் தோற்றமும் முதன்மை பெறும்; நூலறிவு உடனடிப் பயன் தராது. பெற்றோர் பேசி முடிக்கும் மணத்தில் பட்டமும் ஊதியமும் முதலில் எண்ணப்படும், கூச்சம் குறையாகாது. எனவே அங்குத் தோற்பவன் இங்கு வெல்பவன். தமிழகத்திலும் தாமே துணை தேடும் வழக்கம் கல்லூரிகளில் வளர வளரப் ‘பழம்’, ‘படிப்ஸ்’ போன்ற சொற்கள் பெருகியமை இதனோடு பொருந்துகிறது.

7. கட்சாலிலிருந்து நோக்கும்போது

நடு நிக்கோபார்த் தொகுதியைச் சேர்ந்த கட்சாலில் நிக்கோபாரியரோடு, 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாத்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழரும் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த ஆழிப்பேரலையில் பேரிழப்புக்கு ஆளான தீவு இது. நிக்கோபாரிய மொழி ஆசுத்திரோ-ஆசிய குடும்பத்தது. தமிழ் திராவிடக் குடும்பத்தது. இரு சாராரையும் இணைக்கும் பொதுமொழியாக இந்தி வழங்குகிறது.

மொழிபெயர்ப்பாளர் இத்தகைய தீவை எண்ணிப் பார்ப்பதால் விளையும் பயன்கள் மூன்று. முதலாவது, ‘அம்பி’, ‘அம்மாஞ்சி’ போன்றவை தோட்டத் தமிழில் வேர்கொண்ட சொற்கள் அல்ல. திரைப்படம் வழியே மட்டும் அவற்றை அறிந்தவர்க்கு அவை வாழ்வில் கண்ட மனிதரைக் குறிப்பன அல்ல. திரையில் கண்ட வேடத்தைக் குறிப்பன. தமிழர் அனைவர்க்கும் பொதுவான ஈடு என அவற்றைக் கொள்ளுதல் பிழை.

இரண்டாவது, கல்லூரிப் படிப்புக்குக் கடல் கடக்க வேண்டிய இடத்தில், தோட்டத் தொழிலாளர் வழிவந்த குடும்பத்தில், நூலும் கையுமாக இருக்கும் பிள்ளை குடும்பத்தின் எதிர்பார்ப்பு. அவனைக் கேலிப்பொருளாகக் காணக் கல்வி முன்னரே உறுதியாக வாய்த்த சமூகம் வேண்டும். படிப்பாளியை எள்ளுதல் ஒருவகையில் வசதியின் விளைவு.

மூன்றாவதே முதன்மையானது. தமிழும் இந்தியும் அறிந்த கட்சால் பார்வையாளர் ‘3 இடியட்ஸ்’, ‘நண்பன்’ ஆகிய இரண்டையும் மொழிபெயர்ப்பின் துணையின்றியே காண வல்லவர். இந்தி வடிவில் சிரிப்புக்கு ஆளாகுபவன் இந்தியைக் கற்றுப் பேசும் தமிழ்ப் பெயருடையோன். இந்தியை இரண்டாம் மொழியாகக் கற்ற தமிழர்க்கு அச்சிரிப்பு தம்மை நோக்கியும் எழுவது. மொழிச் சிறுபான்மையர்க்கு ஒரு சொல்லின் கொச்சைப்பொருள் தெரியாதிருத்தல் அறிவின்மையன்று. அம்மொழியைத் தெருவில் கற்காமல் வகுப்பில் கற்றதன் அடையாளம். மொழியைப் பாடநூல் வழிக் கற்ற எவரும் அதன் கொச்சையில் கன்னியரே. ‘நெர்ட்’ படிமத்தின் உட்பொருள் இந்த இடத்தில் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது: நகைக்கப்படுவது பாலறியாமை மட்டுமன்று, தெருவழக்கில் பங்கு பெறாமையும் ஆகும்.

8. மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டுவன

மேற்கண்ட ஆய்விலிருந்து சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலில், மூலத்தின் அவ்விடத்தில் ஐந்து கூறுகளுள் எது இயங்குகிறது என்பதைக் காண வேண்டும். கல்வி மட்டும் எனின் ‘படிப்பாளி’ போதும். மாணவர் கேலி எனின் ‘படிப்ஸ்’ பொருந்தும். அனுபவமின்மை முதன்மை எனின் ‘பழம்’ நெருங்கி வரும். இரண்டும் ஒருங்கே வேண்டின் ஒரு சொல்லால் முடியாது; ‘புத்தகத்தைத் தவிர எதையும் தொட்டறியாதவன்’ என்பது போன்ற தொடரால் விரித்தல் தக்கது. ஒலிபெயர்த்து ‘நெர்ட்’ என்றே விடுதல், அச்சொல்லின் அயன்மையே பொருளாகும் இடங்களுக்கு மட்டும் உரியது.

அடுத்து, சாதிக் குறியுடைய சொற்களைக் கையாளுமுன், மூலத்தில் அவ்விடத்தில் இனக்குறி உண்டா என வினவ வேண்டும். உண்டு எனினும், ஒரு நாட்டின் இன ஏளனத்தை மற்றொரு நாட்டின் சாதி ஏளனத்தால் நிரப்புதல் ஈடு செய்தல் ஆகாது. புதிய காயம் செய்தல் ஆகும்.

மேலும், வசையா வாழ்த்தா என்னும் மதிப்பீடு மாறும் இடங்களில் சொல்லைவிடச் சூழலை மொழிபெயர்க்க வேண்டும். தேவியின் காட்சியில் ‘அனுபவமற்றவள்’ என்பதைவிட ‘யாராலும் விரும்பப்படாதவள்’ என்பதே தமிழில் புண்படுத்தும் பொருள். எனவே அக்கூறே காக்கத்தக்கது.

அகராதி ஆக்குவோர்க்கும் ஒன்று கூறலாம். இவ்வகைச் சொற்களுக்குப் பொருள் எழுதும்போது பேசுவோர் யார், யாரைக் குறித்து, எம்மதிப்பீட்டோடு என்னும் வழக்குக்குறிப்பு இன்றியமையாதது. ‘பழம்: (மாணவர் வழக்கு, ஏளனம் அல்லது பரிவு) தீய பழக்கமும் காதல் அனுபவமும் அறியாதவர்’ என்றாற்போல அமைதல் வேண்டும்.

9. முடிவுரை

கற்றவனைப் பாலறிவு அற்றவனாகக் காட்டும் படிமம் உலகப் பொதுமையானதன்று. தமிழ் அகமரபு கற்றவனைக் காதலனாகவே கண்டது. துறவு மரபு அவன் அறியாமையை நோன்பாக மதித்தது. இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க இளையோர் பண்பாடு அதனைத் தோல்வியாக்கிற்று. இன்றைய தமிழில் இம்மூன்றும் ஒருங்கே வழங்குகின்றன. ஒரே இளைஞன் மணப்பேச்சில் படிப்பாளி. பெரியோர் வாயில் ஒழுக்கசீலன். விடுதி அறையில் பழம். மூன்று பெயர்களும் சுட்டும் ஆள் ஒருவனே. பேசும் இடம் வேறு. எந்த இடத்திலிருந்து மூலநூல் பேசுகிறது என்பதை அறிந்து, தமிழில் அவ்விடத்திற்குரிய சொல்லைத் தேர்தலே மொழிபெயர்ப்பாளர் கடன். சிரிப்பைக் கொண்டு சேர்க்கும்போது, அது யார்மீது எழுகிறது என்பதையும் உடன் எண்ணிப் பார்த்தல் அக்கடனின் பகுதியேயாகும்.